எல்லையிலிருந்து வரும் வாக்கு

நுழையும்முன்

தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிக்கு வர இயலாதவர் பலர் உளர். அவர்களுள் நாட்டின் எல்லையைக் காக்கும் கடமையினால் ஊருக்கு வர இயலாதவர் படைவீரர். அவரது வாக்கு எந்த ஊருக்கு உரியது? அதனை அவர் எவ்வாறு பதிவு செய்கிறார்? பனிமலையில் குறியிடப்பட்ட வாக்குச்சீட்டு, சென்னையிலுள்ள எண்ணும் மையத்தை எவ்வாறு வந்தடைகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஊர்ப்பெயர் இல்லாத முகவரி

வடசென்னையின் திருவொற்றியூர்ப் பகுதியில் அமைந்துள்ளது சாத்தாங்காடு. இரும்பு, எஃகுச் சந்தையால் பெயர்பெற்ற இவ்வூரின் சாலைகளில், தகடுகளையும் கம்பிகளையும் ஏற்றிய சரக்குந்துகள் இரவும் பகலும் சென்றுகொண்டிருக்கும். கிழக்கே மீனவர் குப்பங்களும் கடலும் உள்ளன. வடக்கே எண்ணூரின் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும், தெற்கே இராயபுரமும் சென்னைத் துறைமுகமும் உள்ளன. பட்டறைகளிலும் கிடங்குகளிலும் உழைக்கும் குடும்பங்கள் நிறைந்த பகுதி இது.

இவ்வூரைச் சேர்ந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் இராணுவத்தில் சேர்கிறார் எனக் கொள்வோம். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சி முடிகிறது. அடுத்து அவர் இலடாக்கின் மலைமுகடு ஒன்றிற்கு அனுப்பப்படுகிறார். தாய் அவருக்குக் கடிதம் எழுதுகிறார். உறையின் மீது மகனின் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றை எழுதி, இறுதியில் 'மே/பா 56 ஏ.பி.ஓ.' என முடிக்கிறார். அம்முகவரியில் ஊர்ப்பெயர் இல்லை; மாவட்டமும் மாநிலமும் இல்லை. படை எங்கே நிற்கிறது என்பதைப் பிறர் அறியலாகாது என்பதால், படைத்துறை அஞ்சலகத்தின் எண்ணே முகவரியாகிறது.

கடிதத்திற்கு ஓர் எண் போதும். வாக்கிற்கு அது போதாது. இந்தியத் தேர்தல் முறையில் ஒவ்வொரு வாக்கும் ஏதேனும் ஒரு தொகுதிக்கு உரியதாக இருத்தல் வேண்டும். ஊர்ப்பெயர் இல்லாத முகவரியில் வாழும் ஒருவர் எந்தத் தொகுதியின் வாக்காளர்?

சட்டம் காணும் இல்லம்

1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இவ்வினாவிற்கு விடையளிக்கிறது. அச்சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, பதினெட்டு வயது நிறைந்து, ஒரு தொகுதியில் 'வழக்கமாக வசிப்பவர்' அத்தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெறும் தகுதியுடையவர். படைவீரரோ இரண்டாண்டு ஓரிடத்திலும் மூன்றாண்டு மற்றோரிடத்திலும் பணியாற்றுபவர். வழக்கமாக வசிக்கும் இடம் எது என்று அவரைக் கேட்டால், உறுதியான விடை கூறுவது அரிது.

ஆகவே 20-ஆம் பிரிவு அவருக்கெனத் தனி வழியை வகுத்துள்ளது. படைப்பணியில் இல்லாதிருந்தால் அவர் எந்தத் தொகுதியில் வழக்கமாக வசித்திருப்பாரோ, அந்தத் தொகுதியிலேயே அவர் வசிப்பதாகக் கருதப்படுவார் என்பது அதன் கருத்து. 'இல்லாதிருந்தால்' என்னும் நிபந்தனை எச்சம் ஒன்றின் மீதே இவ்வுரிமை முழுவதும் நிற்கிறது. இலடாக்கில் நிற்கும் வீரர், சட்டத்தின் பார்வையில் சாத்தாங்காட்டில் வசிப்பவராகவே தொடர்கிறார். அவர் திருவொற்றியூர்ச் சட்டமன்றத் தொகுதிக்கும் வடசென்னை மக்களவைத் தொகுதிக்கும் உரிய வாக்காளர் ஆவார்.

இத்தகைய வாக்காளர் 'சேவை வாக்காளர்' எனப்படுவர். நான்கு வகையினர் இப்பெயருக்கு உரியவர்.

1. ஒன்றியத்தின் ஆயுதப் படையினர். தரைப்படை, கடற்படை, வான்படை, கடலோரக் காவற்படை ஆகியவற்றைச் சேர்ந்தோர் இவ்வகையினர்.
2. 1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் விதிகள் பொருந்தும் பிற படையினர். எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய சேமக் காவற்படை, இந்தோ-திபெத்திய எல்லைக் காவற்படை, அசாம் ரைபிள்ஸ் முதலியவற்றைச் சேர்ந்தோர் இவ்வகையில் அடங்குவர்.
3. தம் மாநிலத்திற்கு வெளியே பணியாற்றும் மாநில ஆயுதக் காவற்படையினர்.
4. இந்திய அரசின் பணியில் வெளிநாட்டில் அமர்த்தப்பட்டோர். தூதரகங்களில் பணியாற்றுவோர் இதற்கு எடுத்துக்காட்டு.

வாக்கு ஒன்றே குரல்

படைவீரரின் வாக்கிற்குச் சட்டம் இத்துணை அக்கறை காட்டுவதன் காரணத்தை அறிதல் வேண்டும்.

குடிமக்கள் தம் கருத்தை வெளிப்படுத்தப் பல வழிகள் உள்ளன. அவர்கள் சங்கம் அமைக்கலாம், கூட்டத்தில் பேசலாம், நாளிதழுக்கு எழுதலாம், கட்சியில் சேரலாம், தேர்தலில் போட்டியிடலாம். படையின் கட்டுப்பாட்டைக் காக்கும்பொருட்டு, படையினரின் அடிப்படை உரிமைகளை வரையறுக்கும் அதிகாரத்தை அரசமைப்பின் 33-ஆம் உறுப்பு நாடாளுமன்றத்திற்கு அளிக்கிறது. அதன்படி, பணியில் உள்ள வீரர் அரசியல் கூட்டங்களில் பங்கேற்பதும், கட்சிப் பணியாற்றுவதும், ஒப்புதலின்றி இதழ்களுக்குக் கருத்துரைப்பதும் தடுக்கப்பட்டுள்ளன. படை எந்தக் கட்சியையும் சாராதிருத்தல் மக்களாட்சிக்கு இன்றியமையாதது. எனவே இத்தடை தேவையானதே.

இவ்வாறு பிற கதவுகள் அடைக்கப்பட்டபின் திறந்திருக்கும் ஒரே கதவு வாக்குரிமை. போரா அமைதியா என்பதை முடிவு செய்யும் அரசைத் தேர்ந்தெடுப்பதில், அம்முடிவின் விளைவை முதலில் ஏற்பவருக்கும் பங்கு இருத்தல் வேண்டும். படிவம் ஒன்று நிரப்பப்படாமையால் இக்கதவும் அடைபடுமாயின், அவருக்கு வேறு குரல் இல்லை.

விடுதலைக்கு முன் இந்நிலை வேறாக இருந்தது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் சொத்து, வரி, கல்வி முதலிய தகுதிகளே வாக்குரிமையை முடிவு செய்தன. அரசமைப்பின் 326-ஆம் உறுப்பு வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமையை வழங்கியது. அவ்வுரிமை பாசறை வரை சென்று சேர்வதற்கான ஏற்பாடே சேவை வாக்காளர் முறை.

படிவம் 2

சேவை வாக்காளராகப் பதிவு பெறுவது தானாக நிகழ்வதன்று. வீரரே விண்ணப்பித்தல் வேண்டும். ஆயுதப் படையினருக்கு உரியது படிவம் 2. மாநிலத்திற்கு வெளியே பணியாற்றும் ஆயுதக் காவலருக்குப் படிவம் 2அ, வெளிநாட்டில் பணியாற்றும் அரசு ஊழியருக்குப் படிவம் 3 என வேறு படிவங்கள் உள்ளன. ஊரில் வாழும் பொது வாக்காளர் நிரப்புவது படிவம் 6.

படிவம் 2-இல் வீரர் தம் பெயர், பதவி, படை எண், படைப்பிரிவு ஆகியவற்றுடன் தம் சொந்த ஊர் முகவரியையும் குறிப்பிடுகிறார். பணியில் இல்லாதிருந்தால் அங்கேயே வசித்திருப்பேன் என உறுதிமொழியும் அளிக்கிறார். அவ்விவரங்களைப் படையின் ஆவணப் பிரிவு தன் பதிவேட்டுடன் ஒப்பிட்டுச் சான்றளிக்கிறது. பின்னர் விண்ணப்பம் சொந்தத் தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலரிடம் சேர்கிறது. அவர் ஏற்றுக்கொண்டதும், தொகுதி வாக்காளர் பட்டியலின் இறுதிப் பாகத்தில் வீரரின் பெயர் இடம்பெறுகிறது. சேவை வாக்காளர்க்கென ஒதுக்கப்பட்ட பாகம் அது.

இங்குக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒருவரது பெயர் ஒரே இடத்தில்தான் இருத்தல் வேண்டும். ஊரில் பொது வாக்காளராகவும் படையில் சேவை வாக்காளராகவும் ஒருவர் பதிவு பெற இயலாது. படையில் சேருமுன் பொதுப் பட்டியலில் பெயர் இருந்திருப்பின், அதனை நீக்கச் செய்தல் வேண்டும். பொய்யான உறுதிமொழி அளிப்பது ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றமாகும். ஆகவே சாத்தாங்காட்டில் வீட்டுப் பட்டியலைப் பார்க்கும் தாய், மகனின் பெயர் அங்கு இல்லையெனக் கலங்க வேண்டியதில்லை. அவர் பார்க்க வேண்டியது தொகுதிப் பட்டியலின் இறுதிப் பாகத்தை. அங்கும் பெயர் இல்லையாயின், மகனுக்குத் தெரிவிப்பது அவரது கடமை. மகன் படிவம் 2 நிரப்பாமலே இருந்திருக்கக்கூடும்.

குடும்பத்துடன் தங்கத்தக்க அமைதிப் பகுதிகளில் பணியாற்றும் வீரருக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. அவர் விரும்பினால் பணியாற்றும் இடத்திலேயே பொது வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். 2014 மார்ச்சு மாதத்தில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழிவகுத்தது. சேவை வாக்காளருக்கு வாக்காளர் புகைப்பட அடையாள அட்டை வழங்கப்படுவதில்லை. பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பியபின், படிவம் 6 அளித்து அவர் பொது வாக்காளராகிறார்.

தெரிந்து தெளிவோம்

• அரசமைப்பின் 61-ஆவது திருத்தத்தால், 1989-ஆம் ஆண்டு முதல் வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது.
• முன்னர் சனவரி 1 மட்டுமே வயதைக் கணக்கிடும் தகுதி நாளாக இருந்தது. 2022 ஆகஸ்டு முதல் சனவரி 1, ஏப்ரல் 1, சூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாள்கள் உள்ளன.
• 17 வயது நிறைந்தோர் பொது வாக்காளராவதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். 18 வயது நிறைந்ததும் அவர்களது பெயர் பட்டியலில் சேரும்.

ஒரு சொல்லின் மாற்றம்

வீரரின் மனைவி அவருடன் பணியிடத்தில் வசித்தால், அவரும் சேவை வாக்காளராகலாம் என 1950-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. சட்டத்தில் இருந்த சொல் 'மனைவி'. படையில் ஆண்கள் மட்டுமே பணியாற்றுவர் என்னும் எண்ணம் அச்சொல்லில் படிந்திருந்தது. பிற்காலத்தில் பெண்கள் அதிகாரிகளாகவும் வீரர்களாகவும் படையில் சேர்ந்தனர். அப்போது அவர்தம் கணவர்க்கு இவ்வுரிமை கிட்டவில்லை. ஒரே பாசறைக் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தாலும், வீரரின் மனைவி பதிவு பெற்றார். வீராங்கனையின் கணவர் பதிவு பெற இயலவில்லை.

2021-ஆம் ஆண்டு தேர்தல் சட்டங்கள் திருத்தச் சட்டம் 'மனைவி' என்பதனை 'வாழ்க்கைத் துணை' என மாற்றியது. 2022 ஆகஸ்டு முதல் இம்மாற்றம் நடைமுறைக்கு வந்தது. ஒரு சொல் மாறியதால் பல குடும்பங்களின் நிலை மாறியது. ஆயினும், வீரருடன் தங்கியிருக்கும் பெற்றோரும் பதினெட்டு வயது நிறைந்த மக்களும் சேவை வாக்காளர் ஆகார். அவர்கள் தாம் வசிக்கும் இடத்தில் பொது வாக்காளராகவே பதிவு பெறுதல் வேண்டும்.

வாக்குச்சீட்டின் பயணம்

பட்டியலில் பெயர் சேர்ந்தால் பாதிப் பணியே நிறைவேறும். அடுத்த பாதி, வாக்குச்சீட்டு உரிய காலத்தில் சென்று திரும்புவது.

வேட்புமனுக்களைத் திரும்பப் பெறும் நாள் முடிந்தபின்னரே வேட்பாளர் எவரெவர் என்பது உறுதியாகும். அதன்பின்தான் வாக்குச்சீட்டை உருவாக்க இயலும். அந்நாளுக்கும் வாக்குப்பதிவு நாளுக்கும் இடையே சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்த கால அளவு ஏறத்தாழ இரண்டு வாரம். முன்னர், அச்சிட்ட சீட்டை உறையிலிட்டு அனுப்பினர். அது தொடர்வண்டியிலும் வானூர்தியிலும் படையின் ஊர்தியிலும் சென்று, பனி மூடிய சாவடியை அடைந்து, வந்த வழியே திரும்ப வேண்டும். மலைப்பாதை பனியால் அடைபட்டால் உறை வழியிலேயே தங்கிவிடும். எண்ணிக்கை முடிந்தபின் வந்து சேரும் வாக்கு கணக்கில் சேராது.

இத்தடையை நீக்க, 2016 அக்டோபரில் தேர்தல் நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. வாக்குச்சீட்டை மின்னணு முறையில் அனுப்ப வழி ஏற்பட்டது. இம்முறை முதன்முதலாகப் பயன்பட்டது தமிழ் வழங்கும் மண்ணில்தான். புதுச்சேரியின் நெல்லித்தோப்புச் சட்டமன்றத் தொகுதிக்கு 2016 நவம்பரில் நடந்த இடைத்தேர்தலே அது. தொகுதியிலிருந்து செல்லும் பயணம் இப்போது சில நொடிகளில் முடிகிறது. கடவுச்சொல்லால் காக்கப்பட்ட சீட்டு படைப்பிரிவின் கணினிக்கு வருகிறது. அது தாளில் அச்சிடப்பட்டு வீரரிடம் அளிக்கப்படுகிறது.

திரும்பும் பயணம் இன்றும் அஞ்சல் வழியே நடைபெறுகிறது. வீரர் மறைவாகத் தம் வாக்கைக் குறித்து, சீட்டைச் சிறிய உறையில் இட்டு ஒட்டுகிறார். உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமிட்டு, அதிகாரியின் சான்றொப்பம் பெறுகிறார். இரண்டையும் பெரிய உறையில் வைத்துத் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு அனுப்புகிறார். எண்ணிக்கை தொடங்குவதாக அறிவிக்கப்பட்ட நேரத்திற்குமுன் அது வந்து சேர்தல் வேண்டும். பொதுவாக அந்நேரம் காலை 8 மணி. வந்த உறைகளின் மீதுள்ள க்யூ.ஆர். குறியீடு கருவியால் படிக்கப்படுகிறது. ஒருவரது பெயரில் இரண்டு உறைகள் வந்திருந்தால் அப்போதே வெளிப்பட்டுவிடும். உறுதிமொழி இல்லையாயின், உள்ளிருக்கும் சிறிய உறை பிரிக்கப்படாமலே தள்ளப்படும்.

2019-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஏறத்தாழ 18 இலட்சம் சேவை வாக்காளர் பதிவு பெற்றிருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரின் வாக்குகள் வந்து சேர்ந்தன. இது பெரிய முன்னேற்றமே. எனினும் எஞ்சிய 40 விழுக்காடு என்பது ஏழு இலட்சம் பேரைக் குறிக்கிறது.

பிற நாடுகளும் இச்சிக்கலைச் சந்தித்துள்ளன. 1945-ஆம் ஆண்டு பிரித்தானியப் பொதுத்தேர்தலின் வாக்குப்பதிவு சூலை 5-ஆம் நாள் நடந்தது. முடிவுகளோ சூலை 26-ஆம் நாளே வெளியாயின. கடல்கடந்த நாடுகளில் நின்ற படையினரின் வாக்குகள் வந்து சேரும் வரை நாடு மூன்று வாரம் காத்திருந்தது.

நம்பிக்கைக்குரிய பதிலி

அஞ்சலை நம்ப இயலாத இடங்களில் நிற்கும் வீரர்க்கு மற்றொரு வழியும் உண்டு. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதலிரு வகையினர் தமக்கு மாற்றாக வாக்களிக்கப் பதிலி ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். பதிலியாக அமர்பவர் அத்தொகுதியில் வசிப்பவராகவும், பதினெட்டு வயது நிறைந்தவராகவும், வாக்காளராவதற்குத் தடையற்றவராகவும் இருத்தல் வேண்டும்.

சாத்தாங்காட்டு வீரர் தம் தந்தையைப் பதிலியாக அமர்த்தினால், தேர்தல் நாளன்று தந்தை தம் வாக்கையும் மகனின் வாக்கையும் அளிப்பார். தம் வாக்கிற்காக இடக்கைச் சுட்டுவிரலில் மை இடப்படும். மகனின் வாக்கிற்காக இடக்கை நடுவிரலில் மை இடப்படும். மகனின் விருப்பம் தம் விருப்பத்திற்கு மாறாக இருப்பினும், மகன் கூறிய சின்னத்திற்கே வாக்களிப்பது தந்தையின் அறம். பொறிக்கு முன் அவர் தனித்து நிற்கையில் அதனைக் கண்காணிப்பவர் எவரும் இலர்.

கடலில் இருக்கும் மற்றையோர்

வடசென்னை துறைமுகப் பகுதி ஆதலால், இங்கு மற்றொரு வினாவும் எழுகிறது. கடலோரக் காவற்படைக் கப்பலில் பணியாற்றுபவர் சேவை வாக்காளர். சென்னைத் துறைமுகத்திலிருந்து சரக்குக் கப்பலில் செல்லும் மாலுமியும் மாதக்கணக்கில் ஊர் திரும்புவதில்லை. ஆயினும் அவர் சேவை வாக்காளர் அல்லர். தற்காலிகமாக ஊரை நீங்கியதால் ஒருவர் அவ்வூரில் வசிப்பவர் என்னும் தகுதியை இழப்பதில்லை எனச் சட்டம் கூறுவதால், அவரது பெயர் பட்டியலில் நிற்கும். வாக்களிக்க அவர் நேரில் வருதல் வேண்டும். நடுக்கடலில் இருக்கும் அவருக்கு அது இயலாது.

கப்பல் நிறுவனத்தின் ஊழியரையும் அரசின் ஆணைக்குக் கட்டுப்பட்ட வீரரையும் சட்டம் வேறுபடுத்திக் காண்கிறது. அவ்வேறுபாடு இன்றும் பொருந்துமா என்பது மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

சிறு பிழையும் பெரு விளைவும்

இலட்சக்கணக்கானோர் வாக்களிக்கும் தேர்தலில், உறைகள் சில வராமற்போவதால் குறை என்ன எனச் சிலர் கருதலாம். 2008-ஆம் ஆண்டு இராசத்தான் மாநிலம் நாத்துவாரா சட்டமன்றத் தொகுதியின் முடிவு ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் அமைந்தது. 2016-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் இராதாபுரம் தொகுதியில் வேறுபாடு 49 வாக்குகளே. அங்கு, சான்றொப்பமிட்டவர் அதற்குத் தகுதியுடையவரா என்னும் ஐயத்தால் 203 அஞ்சல் வாக்குகள் தள்ளப்பட்டிருந்தன. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தை அடைந்தது. 2019-ஆம் ஆண்டு அவ்வாக்குகள் உள்ளிட்டவற்றை மீண்டும் எண்ண ஆணை பிறந்தது. அவை படைவீரரின் வாக்குகள் அல்ல; தேர்தல் பணியாற்றியவர்கள் அளித்தவை. ஆயினும் சான்றொப்பம் என்னும் சிறு செயலின் எடையை இவ்வழக்கு உணர்த்துகிறது.

சாத்தாங்காட்டில் தாய் வாக்குச்சாவடி வரிசையில் நிற்கும் நாளில், அவர்தம் மகன் எல்லையில் காவல் நிற்கிறார். அவரது வாக்கும் தாயின் வாக்கும் ஒரே தொகுதிக்கு உரியவை. ஒரே அளவு மதிப்புடையவை. தாயின் வாக்கு அன்று மாலையே பொறியில் முத்திரையிடப்பட்டுவிடும். மகனின் வாக்கோ, காலத்தே நிரப்பிய படிவம், சரிபார்த்த ஆவணப் பிரிவு, சான்றொப்பமிட்ட அதிகாரி, உறையைச் சுமந்துவந்த அஞ்சல் ஊழியர் எனப் பலர் கைகளைக் கடந்து வருகிறது. அவற்றுள் முதற்கை அவருடையதே. அவர் கையொப்பமிட்டால்தான் பிறர் கடமை தொடங்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ படைப்பணியாற்றுபவர் இருப்பின், அவர் சேவை வாக்காளராகப் பதிவு செய்துள்ளாரா எனக் கேட்டறிந்து, அவர் கூறும் பட்டறிவை ஒரு பக்க அளவில் எழுதுக.
2. 'வணிகக் கப்பல் மாலுமிகளுக்கும் அஞ்சல் வாக்குரிமை வழங்கப்பட வேண்டும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. சட்டத்தில் 'மனைவி' என்னும் சொல் 'வாழ்க்கைத் துணை' என மாறியதுபோல், பயன்பாட்டில் மாற்றம் பெற வேண்டிய சொற்கள் ஐந்தினைத் தொகுத்துக் காரணம் கூறுக.
4. எல்லையில் பணியாற்றும் அண்ணனுக்குப் படிவம் 2 நிரப்புமாறு நினைவூட்டித் தங்கை எழுதுவதாகக் கடிதம் ஒன்று எழுதுக.